நிதி இருக்கிறது, வழி எங்கே?

கேள்வி: கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் பழங்குடிப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசு ஒதுக்கும் பணம் வந்து சேருகிறதா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: கொஞ்சம் வருகிறது. பெரிய பணம் வேறு பக்கம் போய்விடுகிறது. மத்திய அரசின் ஏகலைவா உறைவிடப் பள்ளிக்கு 2018இல் அறிவித்த அளவுகோல் என்ன? ஒரு வட்டாரத்தில் பழங்குடியினர் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தது 20,000 பேராவது வேண்டும். கிள்ளை இருக்கும் கடலூர் மாவட்டத்திலோ, 2011 கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு ஒருவர்கூடப் பழங்குடியினர் இல்லை. சிதறி வாழ்வதே குற்றமாகிவிட்டது!

உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்களைப் போல வட்டாட்சியரிடம் வாங்கிவிட முடியாது. பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். அப்பனுக்கே சான்று இல்லாத வீட்டில் பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும்? கூலியை விட்டுவிட்டு எத்தனை முறைதான் சிதம்பரம் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைவது?

2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தில் விடுதி, அங்கன்வாடி எல்லாம் உண்டு. அதில் சேரும் தமிழகத்தின் ஆறு நலிந்த பழங்குடிக் குழுக்களில் இருளரும் அடக்கம். விடுதி நல்லதுதான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கும் பெரியவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து, மாதம் இரண்டு நாள் பள்ளிக்கு அழைக்கலாம். உங்கள் ஊரிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஆய்வாளரும் கூட வந்தால் அறிவியல் பாடம் முடிந்தது. இதற்குக் கட்டடம் வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலர் மனம் வைத்தால் போதும். சான்றிதழ் முகாமை மட்டும் சார் ஆட்சியர் இருளர் குடியிருப்புக்கே வந்து நடத்தட்டும். மனு எழுதுங்கள்.