சம்பளம் கொடுத்துவிட்டால் போதுமா?

மாதம் பிறந்ததும் வேலையாட்களுக்குச் சம்பளத்தைக் குறைவின்றி எண்ணிக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று நாம் நினைக்கிறோம். வாடிக்கைக்காரர் முன்னிலையில் அவர்களை ஏசுவதும், பிறப்பையும் வறுமையையும் சொல்லி இளக்காரம் செய்வதும், ஒரே தவறுக்கு ஒருவரை மன்னித்து மற்றவரைத் தண்டிப்பதும் பாவமென்று நம்மில் எத்தனை பேர் உணர்கிறோம்?

ஹழ்ரத் அபூதர் கிஃபாரீ (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். இதையறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஜாஹிலிய்யாக் காலத்துக் குணம் இன்னும் அவர்களிடம் இருப்பதாகக் கண்டித்தார்கள். பணியாட்கள் நம் சகோதரர்கள். நாம் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுக்க வேண்டும். நாம் உடுத்துவதையே உடுத்தக் கொடுக்க வேண்டும். சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது. சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்று போதித்தார்கள்.

பின்னாளில் ரபதா என்னுமிடத்தில் அபூதர் (ரலி) அவர்களைச் சந்தித்தவர், எஜமானரும் அடிமையும் ஒரே விதமாக உடுத்தியிருக்கக் கண்டு காரணம் கேட்டார். அப்போதுதான் அவர்கள் இச்சம்பவத்தைக் கூறினார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை ஈமானைப் பற்றிய பாடத்தில் சேர்த்திருப்பது கவனிக்கத் தக்கது.

அடிமைக்கே இவ்வளவு உரிமையென்றால், கூலி பேசி வேலைக்கு வந்த சுதந்திர மனிதருக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்!

துன்புறுத்தப்படுபவர் வாய் திறந்தால், 'முதலாளியைப் புறம் பேசுகிறான்' என்று அடக்குகிறோம். இது தவறு. தீய சொல்லைப் பகிரங்கமாகக் கூறுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. ஆயினும் அநீதி இழைக்கப்பட்டவருக்கு அதில் விலக்கு உண்டென்பதைத் திருக்குர்ஆன் 4:148-ஆம் வசனம் உணர்த்துகிறது. நியாயம் வழங்கக்கூடியவரிடம் முறையிடுவது புறம் பேசுவதாகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் விளக்கியுள்ளார்கள்.

தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வரும் ஒருவர், பிறரை ஏசிய குற்றத்திற்காகத் தம் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பார். அவரே உண்மையான ஏழை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

அடியார்களின் ஹக்கு வெறும் தவ்பாவால் மட்டும் தீராது. பாதிக்கப்பட்டவரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். பலர் முன்னிலையில் அவமதித்திருந்தால், பலர் முன்னிலையிலேயே அவருடைய கண்ணியத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் நீதி. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியை நாம் எப்படி அழைக்கிறோம் என்பதைப் பார்த்தே நம் பிள்ளைகளும் பழகுகிறார்கள்.

அல்லாஹு தஆலா நம் நாவையும் அதிகாரத்தையும் அநீதியிலிருந்து காப்பானாக! ஆமீன்.