சந்தையும் சொல்லும்: சமூக ஊடகக் காலத்தில் சிறுவணிகரும் பொதுக்கருத்தும்

தோற்றுவாய்

சந்தை என்பது பண்டம் கைமாறும் இடம் மட்டுமன்று; சொல் கைமாறும் இடமும் அதுவே. உப்பு வாங்க வந்தவர் ஊர்ச் செய்தியையும் வாங்கிச் செல்வார். கடைத்திண்ணையில் தொடங்கிய வழக்கு தேநீர்க் கடையில் வளர்ந்து, பள்ளிவாசல் முற்றத்திலோ ஆலமரத்தடியிலோ தீர்ந்துபோகும். வணிகமும் பொதுப்பேச்சும் இவ்வாறு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பழகியவை. இன்று அக்கூரை கைபேசித் திரையாகச் சுருங்கியிருக்கிறது. அல்லது விரிந்திருக்கிறது என்றும் கூறலாம். முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியன கடைத்தெருவும் தாமே, மன்றமும் தாமே என்று வந்து நிற்கின்றன. இம்மாற்றத்தால் சிறுவணிகர் பெற்றது யாது, இழந்தது யாது, பொதுக்கருத்து உருவாகும் முறை எவ்வாறு திரிந்தது என்பனவற்றை இலங்கையின் அண்மைக்கால நிகழ்ச்சிகளை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இலங்கையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அந்நாட்டு முஸ்லிம்களுள் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவருள் பலர் சில்லறை வணிகத்தால் வாழ்பவர். நம் கடற்கரையூர்களுக்கும் அந்நாட்டுக் கடைத்தெருக்களுக்கும் உள்ள உறவோ நூற்றாண்டுகள் கடந்தது. இவை யாவற்றினும் மேலாக, ஒரே கருவி வணிகரை வாழவைத்ததையும் வணிகரின் கடையை எரியவைத்ததையும் அடுத்தடுத்துக் காணத்தக்க நாடு அது.

கடையும் கைபேசியும்

முதற்கண் நன்மையைக் கூறுவதே முறை. விளம்பரம் என்பது ஒரு காலத்தில் பெருமுதலாளிகளின் உரிமை. நாளேட்டில் நான்கு அங்குல இடம் வாங்கவும் வானொலியில் பத்து நொடி பெறவும் சிறுகடைக்காரரால் இயலாது. இன்று வீட்டில் வட்டிலப்பம் செய்து விற்கும் ஒரு பெண்மணி, தட்டில் வைத்த பண்டத்தைப் படமெடுத்து அனுப்பினால் அடுத்த தெரு மட்டுமன்றி அடுத்த நகரமும் பார்க்கிறது. கடை வாடகை இல்லை; முன்பணம் இல்லை; தரகர் இல்லை. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் நிறுவனம் சிறுவணிகர்க்கெனத் தனிச் செயலி ஒன்றை வெளியிட்டது. கடையின் முகவரி, திறக்கும் நேரம் முதலியவற்றை அதில் பதிந்துவைக்கலாம். பொருட்பட்டியலை இணைக்கும் வசதியும் பின்னர் வந்து சேர்ந்தது. வீட்டை விட்டு வெளியே சென்று தொழில் செய்ய வாய்ப்பில்லாத பெண்களுக்கு இது திறந்துவிட்ட வாயில் சிறிதன்று. இதனைப் பழித்தோ இகழ்ந்தோ பேசுவோர் மாதக் கடைசியில் அரிசி விலையை எண்ணிப் பார்த்தறியாதவர் என்றே கொள்ள வேண்டும்.

ஆயின் இந்நிலம் வாடகை நிலம். அதுவும் ஒப்பந்தம் இல்லாத வாடகை. மேற்கூறிய அதே 2018 ஜனவரியில், உற்றார் நண்பர் பதிவுகளுக்கே இனி முன்னுரிமை, நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என்று முகநூல் அறிவித்தது. பல ஆண்டுகளாக வாடிக்கையாளரைத் திரட்டி வைத்திருந்த சிறுவணிகர், தம் கடைக்கு முன்னால் ஒரே இரவில் சுவர் எழும்பியதைப் போன்ற நிலையை அடைந்தனர். சுவரைத் தாண்ட வேண்டுமாயின் விளம்பரக் கட்டணம் செலுத்த வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அவற்றை நம்பித் தொழில் வளர்த்தோர் மறுநாள் வேறு தளம் தேடினர். 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் அதன் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகியனவும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கிக் கிடந்தன. அப்பொழுது ஆணை பெறவும் வழியில்லை, பெற்ற ஆணையைத் திருப்பிப் பார்க்கவும் வழியில்லை. வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் பழைய வழக்கப்படிப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தவர் மட்டுமே அன்று தொலைபேசியை எடுத்து அழைத்திருக்க முடியும்.

இவை பொருளிழப்பு. பொருளிழப்பை ஈடுசெய்யலாம். இனிக் கூறப்போவது அவ்வாறு ஈடுசெய்ய இயலாதது.

அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடை

இலங்கையின் கிழக்கே அம்பாறை நகரம். 2018 பெப்ரவரி 26 இரவு. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உண்டுகொண்டிருந்த சிங்கள வாடிக்கையாளர் ஒருவர், தம் உணவில் ஏதோ கட்டியாகக் கிடப்பதாகக் கூச்சலிட்டார். அது மாவுக் கட்டி. பிற நாட்களில் உணவை மாற்றிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும் சச்சரவு. ஆனால் அந்நாட்களில் அம்பாறையைக் குறித்து முகநூலில் ஒரு பொய் உலவிக்கொண்டிருந்தது: முஸ்லிம் மருந்துக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைக் காவலர் கைப்பற்றினர் என்பது. சிங்களத்தில் ‘வந்த பெத்தி’ எனப்படும் அம்மாத்திரையைச் சிங்களவரின் உணவில் முஸ்லிம்கள் கலக்கின்றனர் என்ற வதந்திக்கு அது எண்ணெய் வார்த்தது.

கூட்டம் கூடியது. கல்லாவில் இருந்தவருக்குத் தாய்மொழி தமிழ். சிங்களம் சரியாகத் தெரியாது. ‘மாத்திரை போட்டாய் அல்லவா?’ என்று சூழ்ந்துநின்று கேட்கிறார்கள். மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணி, அச்சத்தில், ‘ஆம், போட்டோம்’ என்ற பொருள்பட ஏதோ சொல்லிவிட்டார். அச்சொல்லைக் கைபேசியில் பதிவு செய்தனர். அவரை அடித்தனர், கடையை உடைத்தனர், பள்ளிவாசலுக்குத் தீ வைத்தனர். சில நொடிகளே ஓடும் அக்காட்சி முகநூலில் ஏறி, ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற பெயரில் நாடெங்கும் சென்றது.

பின்னர் அரசுப் பகுப்பாய்வாளர் அவ்வுணவை ஆய்ந்து, அதில் மருந்து எதுவும் இல்லை, மாவுப்பொருளே உள்ளது என்று அறிவித்தார். உண்டவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகில் இல்லவே இல்லை என்று மருத்துவர்களும் தெளிவுபடுத்தினர். ஆனால் மெய் புறப்படுவதற்குள் பொய் கண்டி மாவட்டம் வரை சென்றுவிட்டது. அங்கே வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கிய சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் முதல் வாரத்தில் உயிரிழந்தார். அக்குற்றம் குற்றமே, அதற்குச் சட்டம் உண்டு. ஆயினும் ஏற்கெனவே மூட்டிவிடப்பட்டிருந்த வெறுப்பு அதனைப் பற்றிக்கொண்டது. திகன, தெல்தெனிய, அக்குறணை எனப் பரவிய வன்முறையில் நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சேதமுற்றன. மார்ச் 6 அன்று அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது.

ஓராண்டு கழித்து அதே கதை வேறு மொழியில் நிகழ்ந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்த கொடிய குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு துயரிலும் அச்சத்திலும் ஆழ்ந்திருந்த மே மாதத்தில், சிலாபத்தைச் சேர்ந்த முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூல் உரையாடலில் ஆங்கிலத்தில் ஒரு பின்னூட்டம் எழுதினார். ‘மிகையாகச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்’ என்பது அதன் கருத்து. நம் வீடுகளில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் கூறும் சொல்லன்றோ இது! ஆனால் அது மிரட்டலாகப் படிக்கப்பட்டது. மே 12 அன்று அவர் கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, அவரும் கைது செய்யப்பட்டார். மறுநாள் வடமேல் மாகாணத்தின் பிற ஊர்களுக்கும் தீ பரவியது; தம் இல்லத்திலேயே மரவேலை செய்து பிழைத்து வந்த ஒருவர் கொல்லப்பட்டார். முஸ்லிம் கடைகளில் வாங்காதீர் என்னும் பரப்புரையும் சமூக ஊடகங்களில் வலுத்தது. தங்கொட்டுவை வாரச் சந்தையில் முஸ்லிம் வணிகரை விலக்கிய உள்ளூராட்சித் தலைவரின் ஆணைக்கு எதிராக நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மொழியே முறிந்த இடம் என்பதை மொழித்துறை சார்ந்த நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஒன்றில் புரியாத வினாவுக்குச் சொன்ன விடை; மற்றொன்றில் இரவல் மொழியில் எழுதிய வாக்கியம். இடையில் நின்று பொருள் விளக்க ஒருவரும் இல்லை. தளத்தை நடத்தியவர்களிடமோ சிங்களம் அறிந்தோர் போதிய அளவில் இல்லை. கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான மையம், முகநூலில் வளரும் வெறுப்புப் பேச்சைப் பற்றி 2014ஆம் ஆண்டிலேயே ஆய்வு வெளியிட்டு எச்சரித்திருந்தது. முகநூல் நிறுவனமோ 2018 வன்முறையில் தன் தளத்துக்குரிய பங்குக்காக 2020 மே மாதத்தில்தான் வருத்தம் தெரிவித்தது. ஆறாண்டு இடைவெளியை ‘தாமதம்’ என்னும் மெல்லிய சொல்லால் குறிக்க நம் மனம் ஒப்பவில்லை.

இவை அயல்நாட்டுச் செய்தி என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. 2018 மே மாதத்தில் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்து குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்னும் வாட்ஸ்அப் வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார்.

வதந்தி புதிதன்று

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். முகநூல் பிறக்கும் முன்னரும் கடைகள் எரிந்தன அல்லவா? எரிந்தன. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கி இலங்கையின் பல பகுதிகளுக்கும் பரவிய கலவரத்தில், நம் கரையிலிருந்து சென்று கடை வைத்திருந்த கரையோரச் சோனகர் பெரும் இழப்புக்கு ஆளாயினர். அன்று கைபேசி இல்லை. வணிகப் போட்டியும் வாய்மொழி வதந்தியுமே போதுமானவையாக இருந்தன. எனவே தீயைக் கண்டுபிடித்தது சமூக ஊடகம் என்று கூறுவது பிழை. அன்று நாட்கணக்கில் சென்ற தீ இன்று நொடிக்கணக்கில் செல்கிறது. சினமூட்டும் செய்தியே மிகுதியாகப் பகிரப்படுவதால் அதனை முன்னே தள்ளுவதில் தளத்துக்கு வருவாயும் இருக்கிறது. வேற்றுமை இதுவே.

பிறிதொரு வேற்றுமையும் உண்டு. அதே கண்டியில் 1882ஆம் ஆண்டு அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். அவ்விதழின் கருத்தை மறுப்போர் யாரிடம் செல்ல வேண்டும் என்பது ஊரறிந்த செய்தி. சொல்லுக்கு உரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு முகவரி இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு அது இல்லை. 2018 ஜூலை முதல் ‘முன்னனுப்பப்பட்டது’ என்னும் குறிப்பு மட்டும் அதன் தலையில் காணப்படுகிறது. யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார், முதலில் கண்டவர் யார் என்பதற்கு அக்குறிப்பில் விடையில்லை.

நபிமொழித் தொகுப்பாளர் இதற்கு நேர்மாறான நெறியைக் கையாண்டனர் என்பது நம் மாணவர் பலரும் அறிந்ததே. ஒரு செய்தி வந்தால் அதன் பொருளுக்கு முன் ‘இஸ்னாத்’ எனப்படும் அறிவிப்பாளர் வரிசையை அவர்கள் நோக்கினர். இவரிடமிருந்து இவர், அவரிடமிருந்து அவர் என்று செல்லும் அவ்வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும், ஓர் அறிவிப்பாளர் நினைவாற்றல் குறைந்தவராயினும், அச்செய்தியின் தரம் தாழ்ந்தது. அறிவிப்பாளர்களின் வாழ்க்கையை ஆய்வதற்கென்றே ‘அஸ்மாவுர் ரிஜால்’ என்னும் தனிக்கலை தோன்றியது. தமிழ்ப் பதிப்பாசிரியர்களும் இதற்கு அயலானவர் அல்லர்; 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், ஒரே ஏட்டை நம்பாது பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடம் கொண்டார். இத்தகைய மரபுகளின் வழித்தோன்றல்களாகிய நாம், மூலமறியாச் செய்தியைக் கட்டைவிரலால் ஒரு நொடியில் ஐவருக்கு அனுப்புகிறோம். ஐவர் என்பதும் நம் அடக்கத்தால் வந்த எண்ணன்று. 2018இல் இந்தியாவிலும் 2019இல் உலகெங்கும் அந்நிறுவனமே விதித்த வரம்பு அது.

தடையும் திறப்பும்

அரசுகள் கண்ட மருந்து தடை. 2018 மார்ச் 7 அன்று இலங்கையில் முகநூல், வாட்ஸ்அப், வைபர் முதலியன முடக்கப்பட்டன. முகநூல் மீண்டும் திறக்க ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. 2019 ஏப்ரலிலும் மே மாதத்திலும் மீண்டும் தடை. பொய் பரவுவதை அது ஓரளவு தடுத்திருக்கலாம். பொய்யை மறுக்கும் குரலையும் சேர்த்தே அது தடுத்தது; கலவரத்தோடு எத்தொடர்பும் இல்லாத தையற்காரரின், கேக் விற்பவரின் வருவாயையும் நிறுத்தியது. 2022 ஏப்ரல் 3 அன்று பொருளாதார நெருக்கடியின் நடுவே மக்கள் போராட்டத்தை அடக்க மற்றொரு தடை வந்தது. அரசின் அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே தாம் மாற்று வழியில் இணையத்துள் வந்திருப்பதாகவும், இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் பொதுவில் எழுதினார். சில மணி நேரத்தில் அத்தடை நீங்கியது.

அப்போராட்டமே இவ்வூடகங்களின் மறுபக்கத்தைக் காட்டியது. எரிவாயு எங்கே கிடைக்கும், எரிபொருள் வரிசை எவ்வளவு நீளம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட மக்கள், அதே வழியில் அழைத்துக்கொண்டு 2022 ஏப்ரல் 9 முதல் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடினர். அது ரமழான் மாதம். திடலில் நோன்பு திறந்த முஸ்லிம்களோடு சிங்களவரும் தமிழரும் அமர்ந்தனர். நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் மாண்டோர்க்கும் அங்கே நினைவேந்தல் நிகழ்ந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் கடைகளைக் கொளுத்தத் துணைநின்ற அதே தளங்கள்தாம் இவர்களையும் அழைத்து வந்தன. ஆனால் இம்முறை சொல் திரையோடு நின்றுவிடவில்லை, திடலுக்கு வந்தது. வந்தவர் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். புரியாத சொல்லைப் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டு அறிய வாய்ப்பிருந்தது.

2024 பெப்ரவரி 1 முதல் இலங்கையில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எக்கூற்று பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அதில் வழங்கப்பட்டுள்ளது. ஆளுவோர்க்கு ஒவ்வாத மெய்யும் பொய்யெனத் தீர்க்கப்படுமோ என்னும் அச்சத்தை அந்நாட்டு இதழாளர் எழுப்பியுள்ளனர். அவ்வச்சம் நியாயமானதே. மேலும், இனவெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று 2018இலேயே அங்கு நடைமுறையில் இருந்தது. அன்றிரவு அம்பாறைக் கல்லாவில் இருந்தவருக்கு இல்லாமற்போனது அதுவன்று. ‘அவர்கள் கேட்பது மாவைப் பற்றி அன்று, தம்பி’ என்று தமிழில் சொல்லி, ‘இது வெறும் மாவு’ என்று சிங்களத்தில் கூட்டத்திடம் கூறத்தக்க ஒரே ஒருவர்.