நான் அடித்துவிட்ட எண்

மாமல்லபுரத்தருகே மாண்டஸ் புயல் கரையேறிய இரவு விடிந்த காலையில், அதாவது 2022 டிசம்பர் 10ஆம் நாள், ஒரு மாணவியின் மழையளவைச் சிவப்பு மையால் என் கையாலேயே அடித்தேன். வானிலை சாஸ்திரத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முற்பட்ட இத்தனை ஆண்டுகளில் நான் செய்த பிழைகளுள் அதைப்போல் என்னை வருத்துவது வேறொன்றில்லை.

மறைமலைநகரில் நான் பணிபுரிந்த பள்ளியில் மழைமானி வைக்க மைதானத்தின் ஒரு மூலையைக் கேட்டேன். பந்து பட்டு உடையும் என்றும், வருகிறவர்கள் கண்ணில் படாது என்றும் காரணம் சொல்லி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வைக்கச் சொன்னார் நிர்வாகி. நான் வாதாடியிருக்க வேண்டும், இணங்கிவிட்டேன். கருவி வாங்குவதும், நோட்டில் கட்டம் போடுவதும், பிள்ளைகளுக்கு முறை வகுப்பதும் எவருக்கும் கைவரும், அவற்றை விவரிக்கவில்லை.

அன்று காலை எட்டரை மணிக்கு அளவெடுத்து நாங்கள் இறங்கி வந்தபோது, காட்டாங்கொளத்தூரிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள கண்ணாடிச் சாடியை வீட்டு வாசலில் வைத்து, அடிக்கோலால் அளந்து எழுதிய எண்ணைக் கொண்டுவந்தாள். எங்கள் அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

“கூரைத் தண்ணி விழுந்திருக்கும்மா,” என்றேன்.

“இல்ல சார், நடு வாசல்லதான் வெச்சேன்.”

பிரத்தியட்சமாகக் கண்டதைச் சொன்ன குழந்தையை நம்பாமல், விலை கொடுத்து வாங்கிய கருவியை நம்பினேன். அதன்பின் அவள் தன் முறைக்கு வரவேயில்லை.

சில நாள் கழித்து மாடியில் நின்று பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. புயற்காற்று வடகிழக்கிலிருந்து மழையைச் சாய்த்தடித்த அத்திசையிலேயே தொட்டி சுவர்போல் நின்றது. போதாக்குறைக்கு, மாடியில் வேகம் கொள்ளும் காற்று, மழைமானிப் புனலின் விளிம்பில் மோதி மேலெழும்போது துளிகளை அதன் தலைக்கு மேலாகக் கடத்திச் சென்றுவிடுகிறது. மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கேனும் தள்ளி, திறந்த தரையில், விளிம்பு ஓரடி உயரத்தில் இருக்கும்படி வைப்பதே முறை.

இடம் சரியாயின் மற்றவை எளிது. ஒரு சதுர மீட்டர்த் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் தண்ணீர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டரைச் சதுர மீட்டருக்கு 490 லிட்டர், அதாவது முப்பதுக்கு மேற்பட்ட குடங்கள் என்று நான் சொன்னபோது, வகுப்பு முழுவதும் நிசப்தமாகிவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரி அப்போது ஏன் நிரம்பியது என்று பின்னர் எவரும் கேட்கவில்லை.

அடுத்த பருவமழையில் தரையில் நானே ஒரு சாடியை வைத்துப் பார்த்தேன். மாடிக் கருவி மீண்டும் குறைத்தே காட்டியது. பழைய நோட்டை எடுத்து, சிவப்புக் கோட்டின் அருகில் அவள் எண்ணைத் திரும்ப எழுதிக் கையொப்பமிட்டேன். அதற்குள் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கும் உபாத்தியாயர்களே, ஐப்பசி பிறக்குமுன் அதைத் தரைக்கு இறக்கிவிடுங்கள். நிர்வாகம் மறுத்தால், இம்முறை வாதாடுங்கள்.