ஈறு கசிந்தால் சர்க்கரையையும் பாருங்கள்

பல் துலக்கித் துப்பும் நுரை சிவந்தால், பெரும்பாலோர் அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கிருமிகளுக்கு அதைவிட வசதி வேறில்லை.

ஈறு நோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு டென்மார்க்கின் ஆர்ஹூஸில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னது. 1965-ல் வெளியான அந்த ஆய்வின்படி, மூன்று வாரத்துக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் வடிந்தது. ஆரம்பக் கசிவு திரும்பிப் போகக்கூடியது.

அதே லோ, 1970 முதல் 15 ஆண்டுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைக் கவனித்தார். பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவமோ இல்லாதவர்கள். சிகிச்சை எட்டாத மக்களின் வாயே ஆய்வுக்களமானது இன்றும் மனதை உறுத்துகிறது. எல்லோர் பல்லிலும் காரை படிந்திருந்தும், 8 சதவீதத்தினருக்கு எலும்பைப் பற்றும் ஈறு நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை, உடல் அதை எதிர்கொள்ளும் விதமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. புகையும் சர்க்கரை நோயும் அங்கேதான் கெடுக்கின்றன.

என் அம்மா சர்க்கரை மாத்திரை தவறவிடாதவர், சாப்பாட்டிலும் கட்டுப்பாடு. ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான பைகள். போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற, காற்றை விரும்பாத கிருமிகள் பெருகும் இடம் அது. அங்கிருந்து அழற்சி ரத்தத்தில் பரவினால் இன்சுலினின் வேலை தடைபடுகிறது. ஆழச் சுத்தம் செய்தபின் அம்மாவின் அளவு கொஞ்சம் இறங்கியது. அதனால்தான் என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்த 2022 காக்ரேன் அறிக்கையில், ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது.

இதய நோய் விஷயத்தில் அவ்வளவு உறுதி இல்லை. தொடர்பு உண்டு, காரணம் என நிரூபணமாகவில்லை என்றது அமெரிக்க இதயச் சங்கம், 2012-ல். ‘பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

கசியும் இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரமாகச் சாய்த்துத் துலக்க வேண்டும். இடுக்குகளுக்குத் தனிச் சிறு பிரஷ் உண்டு. ‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்ற பயம் வேண்டாம். ஏற்கெனவே ஆடும் பல்லைக் காரைதான் மறைத்திருக்கும். புகைப்பவர்களுக்கு நோய் முற்றியும் ரத்தம் வராமல் இருக்கலாம், அவர்கள் கசிவுக்காகக் காத்திருக்கவே கூடாது. செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் நாற்காலியில் சாயும் முன்பே அதைப் பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.