‘போர்டு போயிடுச்சு’ என்று முடிவுகட்டும் முன்

“மாமா, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரல. போர்டு போயிடுச்சுன்னு சொல்றாங்க.” அக்கா மகன் போனில் சொன்னபோது குரல் கம்மிப்போயிருந்தது. இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் பாகம் பாகமாக வாங்கி, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானே பூட்டிய கணினி அது. அக்காவிடம் இன்னொரு மதர்போர்டுக்குப் பணம் கேட்க மனசு வராமல் என்னைக் கூப்பிட்டிருந்தான். மறுநாள் போய் கேபினெட்டின் பின்பக்க மூடியைக் கழற்றினேன். சி.பி.யு.வுக்கென்று தனியாக மின்சாரம் கொண்டுபோகும் 8 பின் கேபிள், டை போட்டுச் சுருட்டியபடி போர்டுக்குப் பின்னால் கிடந்தது. அதை மேலே இழுத்து, ‘டக்’ என்று கொக்கி விழும்வரை அழுத்தினேன். பட்டனைத் தட்டியதும் திரை வந்துவிட்டது.

வீட்டில் பூட்டிய கணினிகளில் நல்ல பாகங்கள் கெட்டவை என்று ஒதுக்கப்படுவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். கண்ணில் படும் அறிகுறியையே காரணமாக எடுத்துக்கொள்வதுதான் இதற்கெல்லாம் வேர். அதில் கரைவது பெரும்பாலும் ஒரு மாணவனின் சேமிப்பு அல்லது ஒரு குடும்பத்தின் மாதச் செலவுப் பணம். அதனால்தான் இந்தத் தவறான நம்பிக்கைகளை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஃபேன் சுற்றினால் கரண்ட் எல்லா இடத்துக்கும் போகிறது, ஆகவே கோளாறு போர்டில்தான் என்பது முதல் நம்பிக்கை. நடப்பது வேறு. பவர் பட்டனை அழுத்தியதும் 24 பின் கனெக்டரின் பச்சைக் கம்பியை மதர்போர்டு கிரவுண்டோடு சேர்க்கிறது. எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) விழித்துக்கொள்கிறது. 12 வோல்ட் கிடைத்ததுமே ஃபேன்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். வோல்டேஜ்கள் நிலைப்பட்ட பிறகு, 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள், சாம்பல் கம்பியில் ‘எல்லாம் சரி’ என்ற சிக்னலை எஸ்.எம்.பி.எஸ். அனுப்பும். அது வந்தால்தான் சி.பி.யு. தன் வேலையைத் தொடங்கும். (இப்போது பல கேபிள்கள் முழுக்கக் கறுப்பாக வருவதால் அவற்றில் நிறம் தெரியாது, பின்னின் இடம் மாறவில்லை.) ஆக, சுற்றும் ஃபேன் 12 வோல்ட் வருகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. சி.பி.யு., ராம், கிராபிக்ஸ் கார்டு பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அவற்றைப் பற்றிச் சொல்ல வேறு சாட்சி உண்டு. ஓரளவு நல்ல போர்டுகளில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, போர்டின் தொடக்கச் சோதனை அங்கேதான் நின்றுபோயிருக்கிறது. விளக்கு இல்லாத போர்டில் ஒரு சின்ன பஸ்ஸரைச் செருகினால் பீப் ஒலிகளை எண்ணிப் பார்க்கலாம். போர்டோடு வரும் புத்தகத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. பெட்டியோடு அதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

டிஸ்ப்ளே வராததற்கு இன்னொரு எளிய காரணம், எச்.டி.எம்.ஐ. கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகுவது. இன்டெல் ஐ5-12400எஃப் போல பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ள சி.பி.யு.க்களில் கிராபிக்ஸ் பகுதி இயங்காது. போர்டில் துளை இருந்தாலும் அதில் படம் வராது.

அடுத்தது ராம். “கழட்டி ரப்பர் போட்டுத் தேய், சரியாயிடும்” என்பது நம்மூரில் தலைமுறைகளைத் தாண்டிவந்த வைத்தியம். தேய்த்த பிறகு பல நேரம் கணினி ஓடவும் செய்கிறது, அதனால் நம்பிக்கை இன்னும் உறுதியாகிவிடுகிறது. உண்மையில் அங்கே வேலை செய்தது கழற்றியதும் மறுபடி அழுத்தியதும்தான். ஸ்லாட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் ராமின் பற்களை உரசி, படிந்த அழுக்கைத் தாங்களே வழித்துவிடுகின்றன. சரியாக உட்காராத ராம் இப்போது உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பற்களின் மேல் உள்ளது தங்கப் பூச்சு, அது துருப்பிடிக்காது. ஆனால் அதன் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரால் மாதாமாதம் தேய்த்தால் அந்தப் பூச்சு போய், அடியிலுள்ள நிக்கலும் செம்பும் வெளியே வரும், அதற்குப் பிறகுதான் நிஜமான தொல்லை தொடங்கும். துடைத்தே ஆகவேண்டுமென்றால், நூல் பிரியாத துணியில் ஐசோபிரபைல் ஆல்கஹால் தொட்டு ஒருமுறை இழுத்து, காயவிட்டுச் செருகுங்கள்.

ஒற்றை ராம் போடுகிறவர்கள் சி.பி.யு.வுக்குப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டுவிட்டுத் திணறுவதும் உண்டு. நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் சி.பி.யு.விலிருந்து எண்ணினால் இரண்டாவதுதான் முதலில் நிரப்ப வேண்டியது. டி.டி.ஆர். 5 வாங்கியவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல்முறை இயக்கும்போது போர்டு ராமோடு நேரக்கணக்கைப் பொருத்திப் பார்க்கும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பயந்துபோய் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நீலத்திரை வந்தாலும் ராம் செத்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவை அணைத்துவிட்டு மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் ஏற்றி ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். அவை தரும், பெட்டியில் போட்டிருக்கும் வேகம் ஓவர்க்ளாக் கணக்கில் சேர்ந்தது. அதை அணைத்ததும் பிழை காணாமல் போனால் ராம் உயிரோடுதான் இருக்கிறது, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். அணைத்த பிறகும் ஒரே ஒரு பிழை வந்தால்கூட அலட்சியம் செய்யாதீர்கள். ராம்களை ஒவ்வொன்றாகத் தனியே சோதியுங்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் விஷயம். வெறுங்காலோடு தரையில் நின்று கேபினெட்டைப் புறங்கையால் தொட்டால் விறுவிறுவென்று எறும்பு ஊர்வதுபோல இருக்கிறதா? “எஸ்.எம்.பி.எஸ். லீக் ஆகுது, மாத்திடு” என்பார்கள். மாற்றுவார்கள், புதியதிலும் அதே விறுவிறுப்பு. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸ் கம்பியையும் மற்றொன்று நியூட்ரலையும் கேபினெட்டின் உலோக உடலோடு இணைக்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறிய மின்னோட்டம் மண்ணுக்குள் போய்விடும். பிளக் பாயிண்டின் பெரிய துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லையென்றால் அதற்குப் போக்கிடம் இல்லை, கேபினெட் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதியில் நிற்கும். மல்டிமீட்டரை வைத்தால் 110, 115 என்று காட்டுவது இதனால்தான். எஸ்.எம்.பி.எஸ். ஒரு குற்றமும் செய்யவில்லை. வீட்டு வயரிங்கில்தான் குறை.

விறுவிறுப்பு அளவில் அது உயிரை எடுக்காது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் என்றைக்காவது ஒரு பேஸ் கம்பி உரிந்து உடலைத் தொட்டால் ஃபியூஸ் போகாது, கேபினெட் முழு மின்சாரத்தோடு காத்திருக்கும். அதே கணினியை டி.வி.யோடு எச்.டி.எம்.ஐ.யில் இணைக்கும்போது பறக்கும் சின்னப் பொறி, போர்ட்டையே பொசுக்கிவிடுவதும் உண்டு. எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் ஆக்காதீர்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். எஸ்.எம்.பி.எஸ். வாங்க வைத்த பணத்தை அதற்குச் செலவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். நிஜமாகவே குற்றவாளியாகும் இடம் வேறு. கேபினெட்டோடு வருவதில் ‘450 வாட்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைத் தேடிப் படியுங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால், 12ஐ 18ஆல் பெருக்க வருவது 216 வாட்தான். சி.பி.யு.வும் கிராபிக்ஸ் கார்டும் பசியாறுவது அந்த வரிசையில்தான். பிரவுசரில் நாள் முழுக்க அமைதியாக இருந்துவிட்டு, கேம் திறந்த ஐந்தாம் நிமிடம் பொட்டென்று அணையும் கணினிகளில் நான் முதலில் பார்ப்பது இந்த லேபிளை. பச்சைக் கம்பியையும் கறுப்பையும் சேர்த்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் பேப்பர் கிளிப் சோதனை இந்தக் கோளாறைக் காட்டாது, அதில் சுமையே இல்லை. கேம் ஓடும்போது மீட்டரில் 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் இடையே நிற்க வேண்டும். ‘80 பிளஸ்’ முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான அளவுகோல் மட்டுமே, பாகங்களின் தரத்துக்கு அது சான்று ஆகாது. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று வந்ததும் பவர் சப்ளையை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி நின்றுபோனது என்றுதான் அந்தப் பதிவு சொல்கிறது, பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. வீட்டில் கரண்ட் போனாலும் அதே 41தான்.

தேதி மாறிவிடுகிறது என்றால் சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றுங்கள். கணினி இயங்கவே மறுத்தால் பெரும்பாலும் அது காரணமாக இருக்காது. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசை முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டால் கலங்க வேண்டாம், அதுவரை போகும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போதே சூடு ஏறுகிறது என்றால் கூலரைக் கழற்றி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.

இவை எதிலும் அடங்காத கோளாறு என்றால் போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். சி.பி.யு., கூலர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். இவை மட்டும் போதும். சி.பி.யு.வில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும். பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். வெளியே ஓடி, உள்ளே ஓடவில்லை என்றால், தவறான இடத்தில் நிற்கும் ஒரு ஸ்டாண்ட்-ஆஃப் திருகு போர்டின் அடியில் முட்டிக்கொண்டிருக்கலாம். வெளியேயும் ஓடவில்லையென்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றிப் பாருங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். அக்கா மகன் இப்போது கேபினெட் மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறான். அதில் முதல் வரி: ‘8 பின் – டக் சத்தம் கேட்டதா?’