தொழுவத்தின் காற்று

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமன் எழுதியது. 

 ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாயை இறக்கி, காற்று நுழைய இடமில்லாமல் கட்டிவிட்டதாகவும், இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இரண்டு கன்றுகள் இருமுவதாகவும், குடிபாலாவில் உன் தொழுவத்துக்குள் இருமலுக்குக் காரணமான நிமோனியாக் கிருமி எவ்வழியே வந்தது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். கிருமி வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை என்பதையும், நீ கட்டிய தார்ப்பாய்க்கும் அந்த இருமலுக்கும் உள்ள சம்பந்தத்தையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

மாடுகளுக்கு நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களுள் பிரதானமானவை மான்ஹீமியா ஹீமோலிடிகா, பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் இரண்டு. இவை ஆரோக்கியமான மாட்டின் மூக்கின் உட்புறத்திலும் தொண்டையிலும் யாதொரு தீங்கும் செய்யாமல் வாசம் செய்பவை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஓயாமல் அசையும் நுண்ணிய மயிர்கள் உள்ளே வந்த தூசியையும் கிருமியையும் சளியோடு மேலே தள்ளிவிடுகின்றன. அவற்றுக்குத் தப்பிச் சுவாசகோசத்தை அடைந்தவற்றை அங்குள்ள வெள்ளணுக்கள் விழுங்கிவிடுகின்றன. ஏரியில் நீர் எப்போதும் கரையை முட்டிக்கொண்டுதான் நிற்கிறது; ஊர் மூழ்குவது கரை உடையும்போதுதான். வைரஸ் தொற்று, நெடுந்தூரப் பிரயாணம், நெரிசல், புழுதி, மூத்திர நெடி ஆகியவை அந்தக் கரையை உடைப்பவை. அது உடைந்த பிறகு மான்ஹீமியா பெருகி, தன் நச்சினால் காவல் புரிய வந்த வெள்ளணுக்களையே மாய்க்கிறது. அவை சிதறுகையில் வெளிப்படும் பொருள்கள் நுரையீரலின் திசுவையே அரித்துவிடுகின்றன. உடலின் பருமனையும் பிராணவாயுத் தேவையையும் கருதினால் மாட்டின் நுரையீரல் சிறியது. ஆகையால் அதில் ஒரு பாகம் கெட்டாலும் மற்ற பாகம் ஈடுசெய்வது கடினம்.

இனி உன் கொட்டகைக்கு வருவோம். மூடிய கொட்டகையில் மாடுகள் விடும் மூச்சின் ஈரம் தகரக் கூரையில் படிந்து சொட்டுகிறது; தரையில் தேங்கிய மூத்திரமும் சாணமும் அம்மோனியா வாயுவை எழுப்புகின்றன; அந்த வாயு மூச்சுக்குழாயின் நுண்மயிர்களைச் செயலற்றுப் போகச் செய்கிறது. நீ நின்றுகொண்டு முகர்ந்தால் நெடி தெரியாமல் இருக்கலாம். கன்று படுத்திருக்கும் உயரத்தில் மண்டியிட்டு முகர்ந்து பார். கண் கரித்தால், அந்தக் காற்றை இரவு முழுதும் சுவாசிக்கும் ஜீவனின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. நனையாமலும் வயிறு நிறைந்தும் இருக்கும் மாடு நம் பக்கத்துக் குளிரை அநாயாசமாகத் தாங்கும். ஈரத்தையும் கெட்ட காற்றையும்தான் அதனால் தாங்க இயலாது. ஆகையால் சாரல் அடிக்கும் திசையில் மாட்டின் முதுகு உயரம் வரையில் மட்டும் மறைப்பை வைத்துக்கொண்டு மேற்பாகத்தைத் திறந்துவிடு. கூரையின் உச்சியில் உஷ்ணக் காற்று வெளியேற இடைவெளி விடு. தரைக்கு வாட்டம் கொடுத்து மூத்திரம் வடியச் செய். கன்றுகளைப் பெரிய மாடுகளிலிருந்து பிரித்து, காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அது நனையுந்தோறும் மாற்று.

கன்றைப் பற்றி இன்னுமொன்று. மாட்டின் கர்ப்பத்தில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் சிசுவுக்குச் செல்வதில்லை. அவை சீம்பாலின் வழியாகவே சேரவேண்டும். அவற்றை அப்படியே ஏற்கும் சக்தி கன்றின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அற்றுப்போகிறது. எனவே 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் 2.5 லிட்டருக்குக் குறையாமலும், அதில் பெரும்பங்கைப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள்ளும் ஊட்டிவிடு. நஞ்சுக்கொடி விழுந்த பிறகே பால் விடவேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கும், சீம்பாலில் திரட்டுப்பால் கிண்டும் ஆசைக்கும் கன்றின் பங்கைப் பலிகொடுக்காதே.

சந்தையில் வாங்கி வரும் மாட்டை உடனே மந்தையில் சேர்க்காமல், மூன்று வாரம் தனியே கட்டு. லாரியில் நெருக்கி ஏற்றப்பட்டு, தீனியும் தண்ணீரும் இன்றி வந்திறங்கிய மாட்டுக்குச் சில நாட்களிலேயே இந்த நிமோனியா காண்பது சகஜம். அமெரிக்காவிலும் நெடுந்தூரம் ஏற்றிச் செல்லப்படும் கன்றுகள் இதனால்தான் பெருவாரியாக மடிகின்றன.

தடுப்பூசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உன் ஊருக்குத் தென்கிழக்கே, மாநில எல்லைக்கு அப்பால் உள்ள ராணிப்பேட்டையில், உன் சித்தூர் ஜில்லாவும் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த 1932ஆம் வருஷத்திலேயே கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. தொண்டை அடைப்பான் தடுப்பூசியும் அங்கே தயாராகும் மருந்துகளில் ஒன்று. அந்த நோயை உண்டாக்குவதும் பாஸ்டுரெல்லா மல்டோசிடாவின் ஒரு வகையே. தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, ஒன்றிரண்டு நாளில் உயிரைப் பறிக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே அந்த ஊசியைப் போட்டுவிடு. ஆனால் அந்த ஊசி அந்த வகைக்கே காப்பு. சாதாரண நிமோனியாவை விளைக்கும் மற்ற வகைகளுக்கு அது அரணாகாது. மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியினால் பரவி மந்தைகளையே அழித்த வேறொரு கொடிய நுரையீரல் நோயிலிருந்து 2007இல் நம் தேசம் விடுபட்டதாக விலங்குகளின் ஆரோக்கியத்துக்கான உலக அமைப்பு அங்கீகரித்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் நோயைத் தேசம் விரட்டிவிடலாம், தொண்டையில் குடியிருக்கும் கிருமியை அடக்கி வைப்பது மாடு வளர்ப்பவனின் நித்திய கடமை.

அடையாளங்களைச் சொல்கிறேன். மாடு மந்தையை விட்டு ஒதுங்கும், காது தொங்கும், மூக்கு நுனி ஈரமின்றிக் காயும், பால் குறையும், முதலில் நீராகவும் பிறகு சீழாகவும் மூக்கு ஒழுகும், முற்றினால் கழுத்தை நீட்டி, முழங்கையை அகற்றி வைத்து மூச்சு வாங்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார், 101.5 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டிய உஷ்ணம் 104ஐத் தாண்டினால், விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணிக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே டாக்டரை அழை. அவர் எழுதிய ஊசிகளைக் காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிடாமல் முழுவதும் போடு. அவர் குறித்த நாள் வரையில் அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதே. எண்ணெயையும் கஷாயத்தையும் மூங்கில் குழாயில் எடுத்து, தலையை உயர்த்தி, நாக்கைப் பிடித்திழுத்துப் புகட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிடு. இருமும் மாட்டுக்கு அது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால், இருந்த நோயோடு இன்னொரு நிமோனியாவை நாமே உண்டாக்கினவர்களாவோம்.

தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் நேராமல் இருக்கட்டும். ஒருகால் கன்று இறந்துபோனால், பரிசோதிக்காமல் புதைத்துவிடாதே. திருப்பதியில் 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இப்போது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அத்தகைய இடங்களில் நுரையீரலைச் சோதித்து, காரணம் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று கண்டறிய முடியும். இறந்த கன்றால் கிடைத்த அந்த அறிவு மற்ற கன்றுகளைக் காப்பாற்றும்.

மருந்துக்குச் செலவாகும் பணத்தில் பாதியைக் கூரைக்கும் தரைக்கும் செலவிட்டால், மறு பாதி உன் மடியிலேயே தங்கும். இக்கடிதம் கிடைத்தவுடன் முதல் வேலையாகத் தார்ப்பாயின் மேற்கட்டை அவிழ். பத்து நாள் கழித்து இருமல் எப்படியிருக்கிறது என்று எழுது.

இப்படிக்கு,
உன் நலத்தையே விரும்பும் மாமன்