காவலரும் கூலியும்

பேரணாம்பட்டின் தோல்ஷாப்புகளில் உழைப்போர் கூலி போதாதெனக் கண்டால் சங்கமாகக் கூடிக் கேட்கலாம். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அச்சங்கங்களுக்குப் பதிவுரிமை அளித்தது. அவர்கள் கூடுமிடத்தில் காவல் நிற்கும் போலீஸ் சேவகர் தம் கூலியைப்பற்றி யாரிடம் கேட்பார்? இவ்வினாவைச் சரித்திர வாயிலாக நாம் ஆராயப் புகுகின்றோம்.

முற்காலத்தில் கிராமக் காவற்காரர் விளைச்சலில் ஒரு பங்கைத் தமக்குரிய சுதந்தரமாகப் பெற்றனர். 1859ஆம் வருஷத்து 24ஆவது சட்டத்தினால் சென்னை மாகாணத்தில் புதிய போலீஸ் படை அமைந்தபின், காவல் மாதச் சம்பளமுள்ள உத்தியோகமாயிற்று. சம்பளமோ சொற்பம். ஸர் ஆண்ட்ரூ பிரேஸரின் தலைமையில் 1902-03இல் விசாரணை செய்த போலீஸ் கமிஷன், படையினரிடையே மலிந்த லஞ்சத்தைக் கண்டித்ததோடு சம்பளக் குறைவையும் எடுத்துக்காட்டி, கான்ஸ்டபிளுக்கு மாதம் 8 ரூபாய்க்குக் குறையலாகாதெனப் பரிந்துரைத்தது. வறுமையையும் ஒழுக்கத்தையும் சேர்த்து நோக்கியது அதன் சிறப்பாம்.

முதல் உலக யுத்தத்தின் பயனாக விலைவாசி உயரவே, மேலதிகாரிகளும் முறையிட்டனர். அவர்கள்பொருட்டு 1923இல் லீ பிரபுவின் தலைமையில் ராயல் கமிஷன் நியமிக்கப்பெற்றது. அது மறு ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஐரோப்பிய உத்தியோகஸ்தருக்குச் சம்பள உயர்வும் தாய்நாடு சென்று மீளக் கப்பற் செலவும் வேண்டுமென்றது. கூடவே, இந்தியரை மிகுதியாகச் சேர்க்கவேண்டுமெனவும் கூறிற்று. கான்ஸ்டபிள்களோ அக்கமிஷனின் விசாரணைக்கு உட்பட்டவரல்லர்.

இங்கிலாந்திலும் இத்துன்பம் இருந்தது. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் லண்டன் போலீஸார் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1919இல் டெஸ்பரோ பிரபுவின் குழு சம்பளத்தைப் பெரிதும் உயர்த்தப் பரிந்துரைத்தது. அவ்வாண்டின் சட்டமோ போலீஸார் தொழிற்சங்கத்திற் சேர்வதைத் தடுத்தது. மீண்டும் வேலைநிறுத்தஞ் செய்தோர் வேலையையும் உபகாரச் சம்பள உரிமையையும் ஒருங்கே இழந்தனர். இந்தியாவிலே, போலீஸாரிடம் அதிருப்தியைத் தூண்டுவதை 1922ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கிற்று. 1946இல் மலபார் விசேஷப் போலீஸார் வேலைநிறுத்தஞ் செய்து, பலர் வேலையினின்று நீக்கப்பட்டனர். சுதந்தரத்திற்குப் பின்னரும் 1966ஆம் ஆண்டின் சட்டம் போலீஸார் சங்கமமைக்கும் உரிமைக்கு எல்லை வகுத்தது.

இத்தடை முற்றும் அநீதியென்று நாம் கூறோம். ஆயுதந் தாங்கியோர் கடமையினின்று விலகின், முதற்கண் துன்புறுவோர் எளியவரே. ஆயினும், ஒருவர் உரத்துக் கேட்பதைத் தடுக்கும் அரசு, அவர் கேளாமுன்னமே அவர் குறையை அறிந்து தீர்க்கக் கடமைப்பட்டதன்றோ? தடை பெரிதாகுந்தோறும் கடனும் பெரிதாகும்.

யோவான் ஸ்நானனிடம் வழி கேட்ட போர்ச்சேவகருக்கு, பிறரை வருத்திப் பொருள் பறியாது தம் ஊதியத்தில் திருப்தியடையுமாறு அவன் கூறினான் என்பதை நாம் அறிவோம். அப்போதனை சேவகருக்குரியது. அவ்வூதியம் ஒரு குடும்பம் பசியின்றி வாழவும், முதுமையில் பிறர் கையை எதிர்பாராதிருக்கவும் போதுமானதாதல் வேண்டும் என்பது, அதனை அளிப்போர்க்குரிய போதனையாம். நாளை அதிகாரத்தில் அமரவிருக்கும் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வாராக.